பீலிக்கரைச் சுவர்

ராசம்மாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் குளிப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இதைக் கேட்டு யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் மனசு ஆறுகிற இடம் என்று ஒன்று இருக்கும். சிலருக்குக் கோயில். சிலருக்கு மஸ்கெலியா டவுனில் இருக்கிற பார். ராசம்மாவுக்குப் பீலி.

பீலி என்றால் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. மலை இடுக்கில் கசிகிற ஊற்றுத் தண்ணீரை ஒரு குழாயில் இழுத்து, தலைக்கு மேலே இருந்து கொட்டுகிற மாதிரி விட்டிருப்பார்கள். கீழே துணி துவைக்க இரண்டு கல், சுற்றிக் கொஞ்சம் சீமெந்துத் தரை, ஓரத்தில் சேம்பிலை. அவ்வளவுதான். கொய்யாமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கிற பெண்கள், மலையில் கொழுந்து பறித்து முடித்து, நிறுவையில் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையாவோடு நாலு வார்த்தை மல்லுக்கட்டி, வீட்டுக்கு வந்து ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு, பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு பீலிக்கரைக்கு வந்துவிட்டால், பொழுது சாயும் வரை அது அவர்களுடைய ராச்சியம். ஆண்கள் அந்த நேரத்தில் அந்தத் திசையில் தலை வைத்தும் படுக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கீழே ஆற்றோரத்தில் வேறு பீலி இருக்கிறது.

அந்த ராச்சியத்துக்கு ராணி நம்ம ராசம்மா. ஐம்பதைத் தாண்டிய உடம்பு. நல்ல கனம். குரல் அதைவிடக் கனம். அவள் பீலிக்குக் கீழே நின்று தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொண்டே பேசுவாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே அந்தக் குரல் வந்தது என்று அவள் புருஷன் வீரய்யா சொல்வார். அதை அவள் இல்லாத இடத்தில்தான் சொல்வார். எந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்தத் தோட்டத்தில் மாப்பிள்ளை பார்க்கலாம், எந்த மருமகள் மாமியாரைப் பட்டினி போடுகிறாள், எந்த மாமியார் பட்டினி என்று பொய் சொல்கிறாள், எல்லா வழக்கும் பீலிக்கரையில்தான் தீரும். முதுகு தேய்த்துக்கொண்டே தீர்ப்புச் சொல்வாள். முதுகைக் கொடுத்தவள் எதிர்த்துப் பேச முடியாது, பேசினால் தேங்காய் நார் தோலை உரித்துவிடும்.

அவளுடைய ஒரே மகள் லோஜினியைக் கினிகத்தேனையில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். மருமகன் கொஞ்சம் வசதியானவர். வீட்டுக்குள்ளேயே குளியலறை, சுவரெல்லாம் டைல்ஸ், சுடுதண்ணீர்கூட வரும். மகள் ஆசையாகக் கூப்பிட்டாளே என்று ஒரு வாரம் தங்கப் போனவள் மூன்றாம் நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். என்ன ஏது என்று பதறிப்போய்க் கேட்டார்கள். ஒன்றுமில்லையாம். பெட்டிக்குள்ளே நின்று குளிக்க அவளால் முடியவில்லையாம். பேச ஆள் இல்லாமல் குளித்தால் அது குளிப்பா, பாத்திரம் கழுவுகிற மாதிரி அல்லவா இருக்கிறது என்றாள். மருமகன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறார்.

இப்படிப்பட்டவளுடைய குளிப்பில்தான் மண் விழுந்தது.

லயத்துக்கு மேலே, குன்றின் உச்சியில் பெரிய துரை பங்களா என்று ஒன்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருந்தது. லயமும் அந்தக் காலத்துதான். பங்களாவைக் கட்டிய கல்லில் மிச்சமானதை வைத்து லயத்தைக் கட்டினார்கள் என்று பேச்சு. பங்களாவில் துரைமார் குடியிருப்பது நின்று, வௌவால் குடியிருந்து, அதுவும் பிடிக்காமல் போய்விட்ட நேரத்தில், கொழும்பிலிருந்து ஒரு கம்பனி வந்து இடத்தைக் குத்தகைக்கு எடுத்தது. பழைய பங்களாவில் புகைக்கூண்டை மட்டும் அழகுக்கு விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் ஆறு மாடிக்குக் கண்ணாடியில் ஒரு ஹோட்டலை எழுப்பிவிட்டார்கள். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரும் வைத்தார்கள். லயத்தில் எல்லோருக்கும் அது கண்ணாடிப் பங்களா.

கட்டிடம் ஏற ஏற லயத்தில் பேச்சும் ஏறியது. முதல் வாடைக்காற்றுக்கே கண்ணாடியெல்லாம் உதிர்ந்து கொழுந்து மலை முழுக்க விழும், பிறகு பறிக்கப் போகிறவள் கையெல்லாம் இரத்தம்தான் என்று ஒரு கூட்டம். நம்ம பிள்ளைகளுக்கெல்லாம் டை கட்டின வேலை கிடைக்கும் என்று இன்னொரு கூட்டம். கோயில் கமிட்டிக்காரர்கள் திருவிழா உபயத்தில் ஹோட்டலுக்கு ஒரு நாளை ஒதுக்கிவைத்துவிட்டு அப்புறம்தான் கேட்கப் போனார்கள். தோட்டத் தலைவர் அழகுமுத்து, தொழிற்சங்கத்தில் பழுத்த ஆள், ஒரே கிழமையில் இரண்டு கூட்டம் போட்டார். ஒன்றில் இந்த ஹோட்டல் நமக்கு வந்த விடிவு என்றார். மற்றதில் இது நம்மைப் பிடித்த பீடை என்றார். இரண்டுக்கும் அவருக்கு நல்ல கைதட்டல். வீரய்யா மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. ராத்திரியில் அங்கே எரிகிற லைட்டு வெளிச்சம் நம்ம வாசல் வரைக்கும் வருகிறது, இனி டோர்ச் வாங்கத் தேவையில்லை என்று அதோடு நிறுத்திக்கொண்டார்.

ராசம்மாவும் ஆரம்பத்தில் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவன் கட்டினால் கட்டிவிட்டுப் போகிறான், நம்ம தலையிலா கட்டுகிறான் என்று இருந்தாள். ஆனால் ஹோட்டல் திறந்த பிறகுதான் தெரிந்தது, ஆறு மாடியிலும் வரிசையாக வைத்திருக்கிற பால்கனிகள் எல்லாம் கீழே பள்ளத்தாக்கில் கிடக்கிற குளத்தைப் பார்த்து வைத்தவை என்று. குளத்துக்கும் பால்கனிக்கும் நடுவில் என்ன இருக்கிறது? பீலிக்கரை இருக்கிறது.

முதல் நாள் ராசம்மா தலை நிறையச் சவர்க்கார நுரையோடு கண்ணைத் திறந்து பார்க்கிறாள், மேலே ஒரு வெள்ளைக்காரப் பெண் வாயெல்லாம் பல்லாக நின்று கையை ஆட்டுகிறாள். கையாட்டினவளுக்குக் கையாட்டாமல் இருந்தால் மரியாதை இல்லையே என்று ராசம்மாவும் கையைத் தூக்கினாள். தூக்கின கையில்தான் பாவாடை முடிச்சு இருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்வதற்கில்லை.

அடுத்த கிழமை ஒரு வெள்ளைக்காரன் மூன்று கால் வைத்த கேமராவைப் பால்கனியில் நிறுத்தி, பீரங்கி மாதிரி நீளமான கண்ணாடியைக் கீழே திருப்பி வைத்திருந்தான். பெண்களெல்லாம் அள்ளிச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்துவிட்டார்கள். அவன் குருவி படம் பிடிக்கிறவன், சேம்பிலைக்குள் ஏதோ அபூர்வமான குருவி இருக்கிறதாம் என்று ஹோட்டலில் வேலை செய்கிற பிரதாப் வந்து சொன்னான். குருவியைத் தவிர மற்றது எதுவும் அந்தக் கண்ணாடியில் விழாதா என்று ராசம்மா கேட்டதும் பிரதாப் வந்த வழியே திரும்பி ஏறிவிட்டான்.

அதோடு பீலிக்கரை வெறிச்சோடிப் போனது. ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் பின்னால் சாக்கைக் கட்டி, ஒரு வாளித் தண்ணீரில் காக்காக் குளிப்புக் குளிக்க ஆரம்பித்தார்கள். ராசம்மாவுக்கு அது குளித்த மாதிரியே இல்லை. நாள் முழுக்க மலையில் நனைந்து, அட்டை கடித்து, கூடை இழுத்த முதுகோடு வந்தால், அந்தத் தண்ணீர் தொப்பென்று உச்சியில் விழுந்தால்தான் அவளுக்கு உசிர் திரும்பும். இப்போது உடம்பெல்லாம் அரிப்பு. அதைவிட மனசுக்குள் ஓர் அரிப்பு. பேச ஆள் இல்லை, தீர்ப்புக் கேட்க ஆள் இல்லை. ஒரு நாள் வாளியைப் பார்த்துக்கொண்டே நின்று அழுதுவிட்டாள். வெங்காயம் நறுக்கினேன் என்று வீரய்யாவிடம் சொன்னாள். வீட்டில் வெங்காயமே இல்லை என்பது அவருக்குத் தெரியும், ஆனாலும் ஆமாம் என்றார்.

அழுதவள் அழுதபடியே இருக்கிற ஆளா? சேலையை மாற்றிக்கொண்டு, தலையைச் சீவி, நேரே ஹோட்டலுக்கு ஏறினாள்.

ஹோட்டலுக்கு மனேஜர் றமணன் என்று ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், நல்ல மனுஷர். லயத்து ஆட்கள் எப்போது கொடி பிடித்துக்கொண்டு வருவார்களோ என்று முதல் நாளிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவர். ராசம்மா ஏறி வருவதைப் பார்த்ததும் அவரே எழுந்து வந்து கதிரை போட்டார். தேத்தண்ணீர் வந்தது. இங்கேதான் கோளாறு. மேல்கணக்கையே ஆட்டிவைக்கிற ராசம்மாவுக்கு, முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் ‘நாங்க குளிக்கிறத ஒங்க ஆளுங்க பாக்குறாங்க’ என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. சுற்றி வளைத்தாள்.

“எங்க பீலி சரியில்லைங்கய்யா. எல்லாம் தெறந்தபடி கெடக்கு. பொம்பளைங்க படுற பாட்டச் சொல்ல முடியாதுங்க. நாலு பக்கமும் கட்டிக் குடுத்தீங்கன்னா லயமே ஒங்கள வாழ்த்தும்.”

றமணனுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இவ்வளவுதானா.

“பீலிதானே அம்மா? அதுக்கென்ன. நாளைக்கே ஆக்களை அனுப்பிறன். நாலு பக்கமும் வடிவாச் செய்து தருவினம்.”

ராசம்மா குன்றிலிருந்து இறங்கி வந்த வரத்து இருக்கிறதே, தேர்தலில் வென்ற ஆள்கூட அப்படி இறங்க மாட்டார். நாளைக்கு ஆள் வருது, நாலு பக்கமும் அடைப்பு, சாக்கையெல்லாம் அவிழ்த்துப் போடுங்கள் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஆள் வந்தது. லொறி வந்தது. ஏணி வந்தது. வந்தவர்கள் பீலிக்கரைப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. லயத்துக் கூரையில் ஏறினார்கள். கூரைத் தகரத்தின் ஓரம் முழுக்க, நாலு பக்கமும், வெள்ளை நிறத்தில் நீளமாகப் பிளாஸ்டிக் வாய்க்கால் ஒன்றைப் பூட்டிவிட்டு, மூலைக்கு மூலை குழாய் இறக்கி, மாலைக்குள் போய்விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பீலி என்றால் கூரைத் தண்ணீர் ஓடுகிற அந்த வாய்க்கால்தான் என்பது கொய்யாமலையில் யாருக்குத் தெரியும்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே பிள்ளையார் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ராசம்மாவுக்குக் கோபத்தில் முகம் சிவந்தது. ஆனால் லயத்துக்கு வந்தது சந்தோஷம். பாட்டன் காலத்திலிருந்து மழை பெய்தால் கூரைத் தண்ணீர் வாசற்படியில் கொட்டி, சேறு தெறித்து, வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும். எத்தனை துரைமாரிடம் கேட்டும் நடக்காத காரியம். அன்று மாலையே ஒரு மழை பெய்தது. தண்ணீர் சமர்த்தாகக் குழாய் வழியே ஓடியது. சனமெல்லாம் வாசலில் நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள். வழியில் கண்டவர்களெல்லாம் ராசம்மாவின் கையைப் பிடித்து மகராசி என்றார்கள். நான் கேட்டது இது இல்லை என்று அவள் வாயைத் திறக்கப் போனால், சொல்லிக்கில்லித் தொலைக்காதே, கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்று வாயைப் பொத்தினார்கள். பெற்ற பாராட்டு அத்தனையும் அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது. ஊரே நனையாமல் இருக்கிறது, அவள் ஒருத்திதான் நனைய வழியில்லாமல் இருக்கிறாள்.

தலைவர் அழகுமுத்து விடுவாரா? கோயில் வாசலில் நன்றிக் கூட்டம் வைத்துவிட்டார். றமணனைக் கூட்டிவந்து மாலை போட்டார். இந்தக் கூரைப் போராட்டத்தைத் தான் எத்தனை வருஷமாக முன்னெடுத்தார் என்று பேசத் தொடங்கினார். றமணன் மாலையோடு எழுந்து, இதை முதலில் கேட்டது ராசம்மாதான், நன்றியெல்லாம் அவளுக்குத்தான் என்று அடக்கமாகச் சொன்னார். சனம் கைதட்டியது. ராசம்மா எழுந்தாள். தலைவரைப் பார்க்கவில்லை, சனத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் வாங்கய்யா என்று றமணனை மாலையோடு கூட்டிக்கொண்டு பீலிக்கரைக்குப் போனாள். கொட்டுகிற தண்ணீரைக் காட்டினாள்.

“இதாங்க பீலி.”

பிறகு கையை மேலே தூக்கிக் காட்டினாள். அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடிப் பால்கனியில் ஒரு குடும்பம் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வரிசையாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தது. றமணன் தண்ணீரைப் பார்த்தார், துவைக்கிற கல்லைப் பார்த்தார், பால்கனியைப் பார்த்தார். அதற்குப் பிறகு ராசம்மாவின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. காது மடல் வரைக்கும் சிவந்து போனார். எங்கட பக்கம் பீலி எண்டா வேற, அம்மா, குறை நினைக்காதேங்கோ என்று மென்று விழுங்கினார். அவளைச் சமாதானப்படுத்துகிற அவசரத்தில் சொல்லக்கூடாத ஒன்றையும் சொல்லிவிட்டார்.

“நீங்கள் கவலைப்படாதேங்கோ. மதில் ஒண்டு எப்பிடியும் வரப்போகுது. கொழும்பில இருந்து சொல்லிப்போட்டினம். புல்வெளியில இருந்து தேத்தண்ணி குடிக்கிற ஆக்களுக்கு லயம் தெரியக் கூடாதாம்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். கடித்து என்ன செய்ய?

“எங்களையா மறைக்கப் போறீங்க?” என்றாள் ராசம்மா. சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போடாமல் ராசம்மா பேசி மேல்கணக்கில் யாரும் கேட்டதில்லை. “எங்க மானத்துக்குச் செவரு கேட்டேன். ஒங்க கண்ணுக்குச் செவரு கட்டுறீங்க. அப்படி ஒரு செவரு எங்களுக்கு வேணாங்க.”

அன்றைக்கு லயம் இரண்டாகப் பிரிந்தது. சுவர் சுவர்தானே, அவன் எதற்காகக் கட்டினால் என்ன, நமக்கு மறைவு கிடைத்தால் போதும் என்று பாதிப்பேர். நம்மைப் பார்த்தால் அவனுக்குத் தேத்தண்ணீர் இறங்காதாமா, அந்தத் தேயிலையைப் பறித்தது யார் என்று மீதிப்பேர். தலைவர் இரு தரப்புக்கும் தலைமை தாங்கினார். ராசம்மாவின் பாடுதான் பெரும்பாடு. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் என்ன செய்வது? குளிக்கவும் வேண்டும், ரோஷமும் வேண்டும். ராத்திரி படுத்துக்கொண்டு வீரய்யாவிடம் கேட்டாள். அவர், ஏ புள்ள, செவத்துக்கு எது முன்னால, எது பின்னால, நின்னு பாக்குறவன் பக்கந்தான முன்னால என்று கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

சில நாளில் ஹோட்டல் புல்வெளியின் ஓரத்தில் முளை அடித்து நூல் பிடித்தார்கள். நெடுக, லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. மறுநாள் காலையில் ஒரு முளையைக்கூடக் காணவில்லை. யார் பிடுங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ராசம்மா வீட்டுப் போஞ்சிக் கொடிக்கு மட்டும் அன்றைக்கு வரிசையாகப் புதுக் கம்பு ஊன்றியிருந்தது. மறுபடி அடித்தார்கள். மறுபடி காணவில்லை. அக்கம்பக்கத்துப் போஞ்சியெல்லாம் அந்த மாதம் நன்றாக ஏறின.

கொழும்பிலிருந்து றமணனுக்கு நாளுக்கு நாலு அழைப்பு, மதில் என்ன ஆச்சு என்று. இங்கே இறங்கினால் ராசம்மாவின் முகம். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மனுஷன் மெலிந்தே போனார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராசம்மாவின் வாசலுக்கே வந்து நின்றார். போஞ்சிக் கொடியைப் பார்த்தார். கொடிக்கு ஊன்றியிருந்த கம்பையும் பார்த்தார். ஒருக்கா மேல வந்து, நாங்கள் என்னத்தைப் பாக்கிறம் எண்டு நீங்களே பாருங்கோ அம்மா, பிறகு கதைப்பம் என்றார்.

கூப்பிட்டவனுடைய வாசலுக்குப் போகாமல் இருப்பது அழகில்லை என்று ராசம்மா போனாள். லிப்டில் ஏறும்போது மட்டும் முருகா என்றாள். ஐந்தாம் மாடியில் காலியாக இருந்த ஓர் அறையைத் திறந்து பால்கனியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

பிறந்து வளர்ந்து, பிள்ளை பெற்று, கட்டிக்கொடுத்து முடித்த இடத்தை ராசம்மா அன்றுதான் முதல்முதல் மேலே இருந்து பார்த்தாள். குளம் பளபளவென்று கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம், பச்சைக்கு நடுவே லயம். கூரையைச் சுற்றி வெள்ளைக் கரை போட்ட மாதிரி பீலி. கொடியில் காய்கிற துணிகள், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக. ராசம்மா கம்பியில் சாய்ந்து, கொடியில் தன் சேலை எது என்று தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு திரும்பி, இதையாங்கய்யா மறைக்கணுங்கிறீங்க என்றாள். றமணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரத்தில்தான் கோயிலுக்குப் பின்னால் அவள் கண் போனது. கோழிக்கூட்டைச் செப்பம் பார்க்கிறேன் என்று சொல்லி, காலையில் ஆட்டுக்கறிக் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட வீரய்யா, தலைவர் அழகுமுத்துவோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். ராசம்மா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தாள். பீலித் தண்ணீரிலேயே பழகின குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. மூன்று மாடியில் ஆட்கள் கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். வானத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்ட வீரய்யா, கோயில் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சீட்டைப் போட்டுவிட்டு, கோழிக்கூட்டை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடினார். தலைவரும் எதற்கும் இருக்கட்டும் என்று கூடவே ஓடினார்.

றமணன் சிரித்தார். அவர் இங்கே வந்ததிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை. ராசம்மாவும் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது.

இரண்டுபேரும் பால்கனியில் நின்று கணக்குப் பார்த்தார்கள். புல்வெளி ஓரத்தில் கொழும்பு கேட்கிற மதிலைக் கட்டினால், புல்வெளியில் இருக்கிறவனுக்குத்தான் லயம் தெரியாது, மாடியில் நிற்கிறவனுக்குப் பீலி அப்படியேதான் தெரியும். பீலியை மறைக்க வேண்டுமென்றால் பீலிக்கு ஒட்டியே, உயரமாக, வளைத்துக் கட்ட வேண்டும். அதைக் கட்டினால் லயம் பாட்டுக்கு எல்லார் கண்ணுக்கும் தெரிந்துகொண்டிருக்கும். றமணன் நாடியைத் தடவினார். கொழும்பில் மதில் கட்டு என்றார்கள், எந்த இடத்தில் என்று எழுத்தில் ஒருவரும் சொல்லவில்லை, படம் எடுத்து அனுப்பினால் மதில் மதில்தானே என்றார். யாழ்ப்பாணத்து மூளை அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியது.

ராசம்மா சரியென்றாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

“பூச்சு எங்க பக்கம் பூசணும். வர்ணமும் எங்க பக்கந்தான். ஒங்க பக்கம் வெறுங்கல்லா கெடக்கட்டும்.”

ஏன் என்று றமணன் கேட்டார். எங்க செவத்துக்கு மொகம் எங்களப் பாத்துத்தான் இருக்கணும் என்றாள்.

மதிலை லயத்து மேசன்மாரே கட்டினார்கள். எவ்வளவு உயரம் என்று மேசன் கேட்டபோது, ராசம்மா துவைக்கிற கல்லின்மேல் ஏறி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி நின்றாள். அதற்கு மேலே இன்னும் கொஞ்சம் என்றாள். ஐந்தாம் மாடிக்கு ஒருவன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வரி கல் வை என்று கத்தினான். ஆறாம் மாடிக்கும் போய்ப் பார்த்தான். உட்புறம் பூசி மஞ்சள் வர்ணம் அடித்தார்கள். வெளிப்புறம் சாம்பல் நிறத்தில் சீமெந்துக் கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

வர்ணம் காய்ந்த அன்று மேல்கணக்கே பீலிக்கரைக்கு வந்துவிட்டது. ராசம்மா தண்ணீருக்குக் கீழே போய் நின்றாள். தொப்பென்று உச்சியில் விழுந்ததும் ஆவென்று ஒரு சத்தம் போட்டாள். எத்தனை நாள் தாகம்! கண்ணில் வந்ததைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது, அவளும் அதை மறைக்கவில்லை. நிலுவையில் கிடந்த வழக்கெல்லாம் அன்றைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. தேங்காய் நார் கைமாறிக்கொண்டே இருந்தது.

அதே நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து கம்பனியின் பெரியவர் ஒருவர் மதிலைப் பார்வையிட வந்து சேர்ந்தார். சிங்களவர், சப்பாத்தில் சேறு படாமல் நடக்கத் தெரியாதவர். றமணன் வேறு வழியில்லாமல் அவரைக் கூட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். பெரியவர் கம்பால் வெறுங்கல்லைத் தட்டிப் பார்த்தார். முன்பக்கத்தை ஏன் பூசாமல் விட்டிருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கோபமாகக் கேட்டார்.

தட்டின சத்தம் உள்ளே கேட்டது. சிரிப்பும் பேச்சும் சட்டென்று நின்றன. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. ராசம்மாவின் குரல் எழும்பி வந்தது.

“யாருங்க அது, செவத்துக்குப் பின்னால?”

பெரியவர் மிரண்டுபோய், அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று றமணனைக் கேட்டார். மதிலுக்குப் பின்னால் நிற்பது யார் என்று கேட்கிறாள், சேர் என்றார் றமணன்.

பின்னாலா, நாம் முன்னாலல்லவா நிற்கிறோம் என்றார் பெரியவர்.

றமணன் பூசாத கல்லை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“இல்லை சேர்,” என்றார் சிங்களத்தில், பணிவாக. “முன்பக்கம் அந்தப் பக்கம்தான்.”